கல்லூரி வாசலுக்கு வந்த மாமன் தட்டு

என் தாய்மாமன் அம்மாவாசி எங்கே போனாலும் முன்னால்தான் நடப்பார். கல்யாண வீடென்றால் மாப்பிள்ளைக்கு முன்னால் நடப்பார், கோயில் கும்பிடென்றால் சாமிப் பெட்டிக்கு முன்னால் நடப்பார். "கொஞ்சம் பின்னாலதான் வந்தா என்ன மாமா?" என்று ஒருமுறை கேட்டேன். "பின்னால வாரவனுக்குப் புழுதிதான் ஆத்தா மிச்சம்" என்றார். அமாவாசையன்று பிறந்ததால் அந்தப் பெயர் வைத்தார்களாம். ஓடைப்பட்டியில் அவர் எந்தத் தெருவில் நிற்கிறார் என்று யாரும் தேட வேண்டியதில்லை. குரலே காட்டிக்கொடுத்துவிடும்.

அவரிடம் ஒரு மினி லாரி இருந்தது. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பன்னீர் திராட்சை வெட்டினால் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு குமுளி மலையேறிக் கேரளத்து மண்டிகளுக்குப் போவார். சில நாள் மதுரைக்கும் போவார். மலையேறி மலையேறி நாக்கில் கொஞ்சம் மலையாளம் ஒட்டிக்கொண்டது. எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு "பின்னே" போடுவார். சாப்பிட்டாச்சா என்று கேட்டால்கூட, "சாப்பிட்டேன், பின்னே?" என்பார். கேட்டவனுக்கு ஏன் கேட்டோம் என்று ஆகிவிடும்.

அவருக்குக் கோபம் சட்டென்று வரும். அவருடைய அக்கா, அதாவது என் அம்மா பூமாரிக்கும் வரும். எனக்கு அவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து வரும். அப்பா சுருளிராஜனுக்கு மட்டும் வராது, அவர் வேறு வகையறா.

எங்கள் பக்கம் ஒரு பெண்பிள்ளை எந்தப் புது வாசலை மிதித்தாலும் தாய்மாமன்தான் முன்னால் நடக்க வேண்டும். எனக்குக் காது குத்தியது மாமா மடியில். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று பெரிய வாத்தியாருக்கு எதிரே கிடந்த ஒரே நாற்காலியில் மாமா உட்கார்ந்துகொண்டார், அப்பா கதவோரம் நின்றார். நான் பெரியவளானபோது பச்சை ஓலை வெட்டிக் குச்சு கட்டியவரும் அவர்தான். அன்றைக்குத்தான் மாமன் தட்டையும் கொண்டுவந்தார்.

அந்தத் தட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பித்தளைத் தாம்பாளத்தில் சேலை, மஞ்சள், தேங்காய், வெற்றிலை பாக்கு இருக்கும். மாமன் வீட்டில் வயதுக்கேற்ற பையன் இருந்து, பெண் வீட்டார் அந்தத் தட்டை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டால், பெண் அந்தப் பையனுக்கென்று அர்த்தம். அதன்பிறகு வேறு யாரும் பெண் கேட்டு வரமாட்டார்கள். மனசு மாறினால் பெண் வீட்டார் ஒரு வெற்றிலையில் ஒரு ரூபாயை வைத்து மாமன் கையில் கொடுக்க வேண்டும். சொந்தபந்தம் பார்த்து நிற்க அவர் அதை வாங்கிக்கொண்டு, "விட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நீட்டிய வெற்றிலையை மாமன் வாங்காமல் போய்விட்டால் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து அறுந்துவிடும். அதனால் யாரும் லேசில் நீட்டமாட்டார்கள்.

மாமாவுக்கு ஒரே மகன், விஜயபாண்டி. எனக்குப் பதினாலு வயதில் அம்மா அந்தத் தட்டை வாங்கி வைத்தாள். என்னை யாரும் கேட்கவில்லை. விஜயபாண்டியையும் கேட்கவில்லை, அவன் பந்தியில் பாயாசத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தான்.

இரண்டாயிரத்து மூன்றில் நான் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தேன். மதுரைக்கு அந்தப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது, விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் கல்லூரிப் படியேறியதில்லை. வகுப்புத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் ஓரியண்டேஷன் உண்டு, பெற்றோரையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும், கல்லூரியைச் சுற்றிக் காட்டி, விதிமுறைகளைச் சொல்லி, விடுதியில் சேர்த்துக்கொள்வோம் என்று சேர்க்கைக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

சேதி தெரிந்ததும் முதலில் வந்தவள் மாமாவின் மனைவி சுப்புத்தாய் அத்தைதான். வரும்போதே சந்தோஷமாக வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாலு வருசந்தான மதினி, கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஓடிப்போயிரும். எம் மருமக நல்லாப் படிச்சிட்டு வரட்டும். எம் மகன் எங்க ஓடிப்போகப் போறான்?" என்றாள். பிறகு என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. அத்தை நல்ல மனுஷி, என்மேல் உயிரையே வைத்திருந்தாள். அதனால் அவளிடம் எரிந்துவிழவும் முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் தலை மறைந்ததும் அம்மாவிடம் போனேன். விடுதிக்கு எடுத்துப்போகிற போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மாமாட்ட வெத்தலையக் குடுத்துரு."

போர்வை பாதி மடிப்பில் நின்றது. "என்னடி சொல்ற?"

"நான் விஜயபாண்டியக் கட்டிக்க மாட்டேன். காலேஜுக்குப் போறதுக்கு முன்னாலயே அத முடிச்சிரு."

"ஏன், அவனுக்கு என்ன கொற? கையில தொழில் இருக்கு, ஒரு பீடி சிகரெட்டு கெடையாது."

"கொறை ஒண்ணும் இல்ல. அவன்கூடக் கோலிக்கு மல்லுக்கட்டி வளந்தவ நான், அவனப் பாத்தா எனக்குச் சிரிப்புத்தான் வருது. அது போகட்டும். படிச்சு முடிச்சிட்டு நான் எந்த ஊர்ல வேலைக்குப் போகணும், போகலாமா கூடாதான்னு அத்தை வீட்டு வாசல்ல போயிக் கேட்டுக்கிட்டு நிக்க முடியாது. அப்படிப் போறதுக்கு நான் போகாமயே இருந்துக்கிறேன்."

அம்மா போர்வையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு இருக்கிறது ஒரே கூடப்பொறந்தான். அவன் மொகத்துக்கு நேரா எப்படிடி நான் வெத்தலைய நீட்டுவேன்? அவன் வாங்கலேன்னா நான் எங்கன போயி நிப்பேன்?" என்று கேட்டாள். அவள் கண் கலங்கியது.

அப்பாவிடம் போனேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "மொதல்ல காலேஜுக்குப் போ தாயி. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அப்பாவுக்கு இந்த உலகத்தில் மிகவும் பிடித்த வார்த்தை அப்புறம். திராட்சைக் கொடிக்கு மருந்தடிப்பதைத் தவிர வேறு எதையும் அவர் அப்புறத்துக்குத் தள்ளாமல் இருந்ததில்லை.

வீட்டில் ஏற்பாடு தடபுடலாக நடந்தது. விடுதிக்கு என்னென்ன வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது. அதனால் அம்மா, தெரிந்த எல்லாவற்றையும் சேர்த்துவைத்தாள். வாளி, தட்டு, தேங்காயெண்ணெய், பருப்புப் பொடி, கொசுவத்தி என்று போனது. கடைசியில் ஒரு சின்ன அரிவாள்மனையையும் கொண்டுவந்து வைத்தாள். நான் அதை எடுத்து வெளியே வைத்தேன், மறுநாள் அது மறுபடி உள்ளே இருந்தது. சுடிதார்த் துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்திப் போடவேண்டும் என்றும் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். ஊசிப் பின்கள் மட்டும் ஓர் அட்டை நிறைய வாங்கினோம்.

ட்ரங்குப் பெட்டிக்குப் பூட்டு மாட்டிப் பெயர் எழுதித் தர விஜயபாண்டி வந்தான். சின்னமனூரில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தான். மூடியில் 'சு. உமாதேவி, ஓடைப்பட்டி' என்று வெள்ளைப் பெயிண்டில் எழுத ஆரம்பித்தான். பக்கத்தில் நின்ற அத்தை, "ஏலே, பெயிண்ட மெலிசா அடி. நாலு வருசத்துல இனிசியல மாத்தி எழுத வேண்டியிருக்கும்" என்று சிரித்தாள். அம்மாவும் சிரித்துவைத்தாள். விஜயபாண்டி எழுதி முடித்தான். காய்ந்தபிறகு அதன்மேலேயே இன்னொரு தடவை அழுத்தி அடித்தான். போகும்போது என்னிடம் மட்டும், "ரெண்டு கோட்டு அடிச்சிருக்கேன், சொரண்டுனாலும் போகாது" என்றான். அவனுக்கும் என் கவலைதான் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அவன் வாயில்லாப் பூச்சி, தன் அப்பாவிடம் பேச மாட்டான்.

கல்லூரிக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது மாமா லாரியை எங்கள் வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். "ஆத்தா, ஒங் காலேஜப் பாத்துட்டு வந்துட்டேன்" என்றார்.

"எப்ப போனீக?"

"மதுர மண்டியில பெட்டிய எறக்கிட்டு அப்படியே அங்கன வண்டிய விட்டேன். கேட்டுல நிக்கிற வாச்மேன் நம்ம உசிலம்பட்டிப் பக்கத்து ஆளு. டீ வாங்கிக் குடுத்து எல்லாத்தையும் கேட்டுட்டேன். தண்ணி உப்புக் கரிக்காது. பொம்பளப் புள்ளைக ஹாஸ்டலுக்குச் செவுரு நல்ல ஒசரம். ஆறு மணிக்கு மேல ஒரு ஈ காக்கா வெளிய வர முடியாது."

"உள்ள போயிப் பாத்தியாடா?" என்று அம்மா கேட்டாள்.

"கேட்டு வரைக்குந்தான் விட்டாக. அன்னைக்கு நாந்தான முன்னால நடக்கப் போறேன், அப்பப் பாத்துக்கிறேன், பின்னே?" என்றார். கொடுத்த மோரைக் குடித்து முடித்தவர் எழுந்தார். "அக்கா, தட்டு நான் கொண்டாரேன். நம்ம ஆளுக எல்லாரையும் லாரியில ஏத்திக்கிருவோம். ஒருத்தரும் விடுபடக் கூடாது" என்றார்.

தட்டு என்ற சொல் என் காதில் விழுந்தது. வீட்டுக்குள் வைத்து ஒரு முடிச்சுப் போட்டது போதாதென்று, கல்லூரி வாசலில் ஊரைக் கூட்டி இரண்டாவது முடிச்சும் போடப்போகிறார் என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். "சந்தோசமாப் பண்றான், வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்று என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

ஆடி மாதம் என்பதால் அத்தை ஒரு முட்டுக்கட்டை போட்டாள். ஆடியில் யாராவது புது வாசல் மிதிப்பார்களா, நாளைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டால் என்ன என்றாள். "காலேஜுக்காரன் காலண்டர்ல ஆடி இல்ல. ஆகஸ்டுதான் இருக்கு" என்று மாமா ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

எனக்கு இனி வேறு வழி தெரியவில்லை. அம்மா நீட்ட மாட்டாள், அப்பா அப்புறம் என்பார், விஜயபாண்டி பெயிண்ட்தான் அடிப்பான். நானே நீட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். வெற்றிலை அவர் கொண்டுவரும் தட்டிலேயே இருக்கும். ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக் கைக்குட்டை ஓரத்தில் இறுக்கி முடிந்துகொண்டேன். அவர் வாங்கினால் வாங்கட்டும், வாங்காவிட்டால் போகட்டும், நான் என் வாயால் சொல்லாமல் அந்த வாசலை மிதிப்பதில்லை.

அந்த நாள் காலையில் லாரியைப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கழுவித் துடைத்து, சந்தனம் வைத்து, முகப்பில் மாலை போட்டு, இரண்டு பக்கமும் மாவிலை கட்டியிருந்தார். பின்னால் தார்ப்பாய் விரித்து, அப்பா, அத்தை, விஜயபாண்டி என்று சொந்தபந்தமெல்லாம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. பெரியப்பா முறையுள்ள சங்கிலி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வண்டிக்கு இன்னும் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். என் ட்ரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பெட்டி திராட்சையும் ஏறியது. கல்லூரிக்குப் போகிறோமா கிடாவெட்டுக்குப் போகிறோமா என்று தெரியவில்லை.

முன்னால் மாமா வண்டியோட்ட, பக்கத்தில் நானும் அம்மாவும் உட்கார்ந்தோம். சிவப்புத் துணியால் மூடிய தாம்பாளத்தைத் தூக்கி என் மடியில் வைத்தார். "பத்திரமாப் பிடிச்சுக்க" என்றார். சின்னமனூர் தாண்டி, வீரபாண்டி தாண்டி, பழனிசெட்டிபட்டியில் டீக்கு நிறுத்தினோம். பின்னால் இருந்த பெண்களுக்கு ஆடிக்காற்றில் தலை கலைந்து, பூவெல்லாம் பறந்துபோயிருந்தது. யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை, குலவை போட்டுக்கொண்டே வந்தார்கள். தேனி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது மாமாவைப் பார்த்தேன். பேசாமல் ரோட்டையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் பேசாமல் வண்டி ஓட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான். கைக்குட்டை முடிச்சை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

கல்லூரி வாசலில் கார்களும் ஆட்டோக்களும் நின்றன. பிள்ளைக்கு ஒரு அப்பா ஒரு அம்மா என்று அமைதியாக இறங்கி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவில் எங்கள் லாரி மாவிலை ஆட ஹாரனடித்து வந்து நின்றது. மாமாவுக்குப் பழக்கமான வாச்மேன் ஓடிவந்தார்.

"அண்ணே, என்னண்ணே இது? ஒரு புள்ளைக்கு ரெண்டு பேருதான் உள்ள போக முடியும். லாரியெல்லாம் உள்ள விட மாட்டாக."

"அப்ப நாங்க என்னத்துக்கு வந்தோம்?" என்று பின்னாலிருந்து சங்கிலிப் பெரியப்பா சத்தம் போட்டார். ஆளுக்கொன்றாகப் பேச ஆரம்பித்தார்கள். காரிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

மாமா வண்டியை மதிலோரம் புங்கமரத்து நிழலில் ஒதுக்கினார். "உள்ள போகவா ஒங்களக் கூட்டியாந்தேன்? எல்லாரும் எறங்குங்க, இங்கன வந்து நில்லுங்க" என்றார்.

எல்லாரும் இறங்கிச் சுற்றி நின்றார்கள். தாம்பாளத்தை என் மடியிலிருந்து வாங்கி லாரியின் பின்பலகையில் வைத்தார். இதுதான் சமயம் என்று நினைத்தேன். "மாமா, ஒரு நிமிசம். நான் ஒண்ணு சொல்லணும்" என்றேன். என் குரல் எனக்கே கணீரென்று கேட்டது.

"நீ பொறு ஆத்தா. நான் மொதல்ல சொல்லிக்கிறேன்" என்று சிவப்புத் துணியை எடுத்தார்.

தட்டில் வெற்றிலையும் பாக்கும் மட்டும் இருந்தன. சேலை இல்லை, மஞ்சளும் இல்லை, தேங்காயும் இல்லை.

"சேல எங்கங்க?" என்று அத்தை பதறினாள். "வீட்டுல வெச்சுட்டு வந்துட்டீகளா?"

"இன்னைக்குச் சேல இல்ல" என்றார் மாமா. அம்மா பக்கம் திரும்பினார். "அக்கா, எனக்கு வெத்தல குடு."

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்னடா இது? ஏதும் கோவமா? ஒங்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கலையே" என்றாள்.

"கேக்கலதான். கேட்ட பெறகு விட்டுக்குடுக்குறதுக்கு நான் எதுக்கு, மாமன்னு ஒருத்தன்?"

அத்தை வாயைத் திறந்தாள். சுற்றிலும் சட்டையை உள்ளே விட்ட ஆண்களும் பட்டுச்சேலைப் பெண்களும் போய்க்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு மாமா காதருகில் போய், "இத வீட்டுல வெச்சுச் சொல்ல முடியாதா?" என்று பல்லுக்குள் கேட்டாள்.

"வீட்டுல வெச்சா நீ ஒப்பாரி வெச்சு ஊரக் கூட்டியிருப்ப. அசலூர்ல நீ கௌரவமான பொம்பள. அதான் இங்கன கூட்டியாந்தேன்."

"அதுக்கில்லப்பா அம்மாவாசி, ஆடி மாசமாச்சே" என்று சங்கிலிப் பெரியப்பா இழுத்தார்.

"கட்டுறதுக்குத்தாண்ணே ஆடி ஆகாது. அவுக்குறதுக்கு எந்த மாசமும் ஆகும்" என்றார் மாமா.

பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேசியபோது குரல் இறங்கியிருந்தது. "போன வாரம் இங்கன நின்னு டீ குடிச்சப்ப, இந்த வாச்மேன்கிட்டப் பெருமையாச் சொன்னேன், எம் மகனுக்குப் பேசி வெச்ச புள்ள இங்க படிக்க வருதுன்னு. 'அதான் எல்லாம் முடிவாயிருச்சே, பெறகு எதுக்கண்ணே நாலு வருசம் படிக்க வைக்கிறீக?'ன்னு கேட்டாரு. அந்தாளு சாதாரணமாத்தான் கேட்டாரு, எனக்குப் பதில் வரல. நம்ம பழப்பெட்டியில மண்டிக்காரன் பேரத் தோட்டத்துலயே ஒட்டிருவோம். பெறகு அது எந்த ஊர் வழியாப் போனாலும் அந்த மண்டியிலதான எறங்கும்? எங்கக்கா மக என்ன பழப்பெட்டியா? எம் பேர ஒட்டி இவள உள்ள அனுப்ப எனக்கு மனசு வரல. எங்க போகணுமோ அவ போகட்டும். குடுக்கா, வெத்தலைய."

அம்மா அழுதுகொண்டே தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தாள். மற்றக் கையால் சுருக்குப்பையைத் தடவினாள். எல்லாம் விடுதிக்குக் கட்டவென்று வைத்திருந்த நோட்டுகள். "ஒத்த ரூவா இல்லையே, ஆருகிட்டயாவது இருக்கா?" என்று சுற்றிலும் பார்த்தாள்.

நான் கைக்குட்டையை எடுத்து முடிச்சை அவிழ்த்தேன். இறுக்கிப் போட்ட முடிச்சு, பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. நாணயத்தை எடுத்து வெற்றிலையில் வைத்தேன்.

மாமா நாணயத்தைப் பார்த்தார், கைக்குட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏ புள்ள, இத எப்ப முடிஞ்சு வெச்ச?"

"தட்டுக் கொண்டாரேன்னு நீங்க சொன்ன அன்னைக்கே."

"அப்ப நீ எங்கூடச் சண்டைக்குத்தான் வந்திருக்க."

"ஆமா."

"நான் வாங்கலேன்னா என்ன செஞ்சிருப்ப?"

"தட்டுலயே வெச்சிட்டு உள்ள போயிருப்பேன்."

மாமா சிரித்தார் பாருங்கள், வாச்மேன் கேட்டை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். "மச்சான், இது எங்க வகையறாக் கோவம். ஒங்க வீட்டுது இல்ல" என்று அப்பா தோளில் தட்டினார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் சேர்த்து நீட்டி, அம்மாவும் நானும் கொடுத்த வெற்றிலையை வாங்கினார்.

"விட்டேன்" என்றார். ரோட்டுக்கு அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வாரமாகச் சண்டைக்கென்று சேர்த்துவைத்த பேச்சு அத்தனையும் கண்ணீராகப் போனது. மாமாவை அன்றைக்குப் பிடித்தமாதிரி எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. பின்னாலிருந்து விஜயபாண்டி "உஸ்ஸப்பா" என்று மூச்சுவிட்டான். அத்தை அவன் முதுகில் ஒன்று வைத்தாள், யார் மேலாவது கோபத்தைக் காட்ட வேண்டுமே. அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. ஆனாலும் லாரிக்குள் கையை விட்டு ஒரு டப்பாவை எடுத்து என் கையில் திணித்தாள். "எள்ளுருண்ட. எனக்கு மருமகளா வரலேன்னா பட்டினி கெடக்கணுமா? தின்னு, நல்லாப் படி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

வாச்மேன் நேரமாகிவிட்டது என்றார். இரண்டு பேர்தான் உள்ளே போகலாம். அம்மா ஒன்று, இன்னொருவர் யார் என்று பேச்சு வந்தது.

"மச்சான், நீங்க போங்க. பெத்தவுகதான் போகணும்" என்றார் மாமா.

"புது வாசலுக்கு மாமந்தான். நீ போ மாப்ள, நான் அப்புறம் பாத்துக்கிறேன்" என்றார் அப்பா. அந்த வார்த்தைக்காக அப்பாமேல் எனக்கு முதல்முறையாகக் கோபம் வரவில்லை.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். கேட்டுக்குப் பக்கத்தில் போனதும் செருப்பைக் கழற்றினார். "அண்ணே, போட்டுக்கிட்டே வாங்க, இது கோயில் இல்ல" என்றார் வாச்மேன். கழற்றியதை மறுபடி மாட்டினார். உள்ளே வேப்பமரங்களுக்கு நடுவில் ஒரு நீளமான ரோடு போனது, அதன் முடிவில் மைக்கில் யாரோ பேசுவது கேட்டது. அவர் முன்னால் நடப்பார் என்று நானும் அம்மாவும் வழிவிட்டு நின்றோம். அவர் நகரவில்லை.

"நட ஆத்தா" என்றார்.

"நீங்கதான மாமா முன்னால நடக்கணும்?"

"கேட்டு வரைக்குந்தான் நான் பாத்து வெச்சேன். இதுக்கு மேல எனக்கு வழி தெரியாது. நீ முன்னால போ, நான் பின்னால வாரேன்."

"பின்னால வந்தா புழுதி அடிக்குமே."

"தார் ரோடுதான், பின்னே? நட."

நான் முன்னால் நடந்தேன்.